ஒரு தாய்க்குச் சொன்னது எல்லோருக்கும் பாடம்



"பிள்ளை சொன்ன பேச்சே கேக்க மாட்டேங்குது." குழுக் கூட்டத்தில் நாம் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. அடித்தும் பார்த்தோம், கெஞ்சியும் பார்த்தோம். இதற்கான ஓர் ஆலோசனை முறையை இந்த மாதம் கற்றுக்கொள்வோம்.

ஆஸ்திரியா நாட்டின் வியன்னா நகரில் ஆல்ஃபிரட் அட்லர் (1870–1937) என்ற மருத்துவர் இருந்தார். 1920-களில் அங்கே குழந்தைகளுக்காக ஆலோசனை மையங்கள் நடத்தினார். ஆசிரியர்களும் பெற்றோரும் சுற்றி உட்கார்ந்திருக்க, அவர்கள் முன்னிலையிலேயே ஒரு குடும்பத்தோடு பேசுவார். ஒரு தாய்க்குச் சொல்வதைக் கேட்டு, "அட, நம்ம வீட்டுலயும் இதே கதைதானே" என்று மற்றவர்களும் கற்றுக்கொள்ளலாம். யாரையும் குற்றம் சொல்வது அவர் வழியல்ல. 1934-ல் அம்மையங்கள் மூடப்பட்டன. அவர் வழிவந்த ருடால்ஃப் டிரைகர்ஸ் அமெரிக்காவின் சிகாகோ நகரில் இதைத் தொடர்ந்தார்.

வீட்டில் தனக்கும் ஓர் இடம் வேண்டும் என்றுதான் பிள்ளை தவறான வழியில் போகிறது என்றார் டிரைகர்ஸ். அந்த வழிகள் நான்கு. எந்த வழி என்று அறிய நம் மனசைப் பார்த்தாலே போதும்.

1. நமக்குச் சலிப்பு வந்தால், பிள்ளை கேட்பது கவனிப்பு.
2. "நீயா நானா பார்த்துடலாம்" என்று கோபம் வந்தால், அது அதிகாரப் போட்டி.
3. நம் மனசு புண்பட்டால், பிள்ளை தன் மனக்காயத்துக்குப் பழிவாங்குகிறது.
4. "இனி நம்மால ஆகாது" என்று ஓய்ந்துபோனால், பிள்ளையும் தன்மேல் நம்பிக்கை இழந்திருக்கிறது.

ஓர் உதாரணம் பார்ப்போம். நாம் கணக்கு நோட்டு எழுத உட்கார்ந்தாலே மகள் முந்தானையைப் பிடித்து இழுக்கிறாள். நமக்குச் சலிப்பு வருகிறது. அவள் அமைதியாக இருக்கும் நேரத்தில் அன்பாகக் கேட்போம்: "அம்மா உன்னையே பாத்துக்கிட்டு இருக்கணும்னுதான் இழுக்குறியா, கண்ணு?" காரணம் அதுதான் என்றால் அவள் முகத்தில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்க்கும். மறுமுறை இழுத்தால், பசியோ காய்ச்சலோ இல்லை என்று பார்த்துவிட்டு, திட்டாமல் வேலையைத் தொடர்வோம். இழுக்காத நேரத்தில் அவளோடு உட்கார்ந்து பேசுவோம். கூட்டத்துக்குப் பாய் விரிக்கும் பொறுப்பை அவளுக்கே கொடுப்போம்.

இதை அடுத்த கூட்டத்தில் நடித்துக் காட்டுவோம். ஊக்குநர் ஆலோசகராகவும், ஓர் உறுப்பினர் தாயாகவும், இன்னொருவர் பிள்ளையாகவும் இருக்கலாம். மூன்று விஷயங்களில் கவனமாக இருப்போம்.

• சொந்தக் கதையைச் சொல்லும்படி யாரையும் வற்புறுத்தக் கூடாது.
• பிள்ளையைக் கூட்டத்தில் நிறுத்திக் குறை சொல்லக் கூடாது.
• குழுவில் கேட்டது தெருவுக்குப் போகக் கூடாது.

வீட்டில் அடி உதை, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் போன்றவற்றை நடிப்பில் தீர்க்க முடியாது. அந்தச் சகோதரியைத் தனியே சந்தித்து ஆறுதல் சொல்லி, உதவி கிடைக்கத் துணையாக நிற்போம். பெண்கள் உதவி எண் 181, மனநல உதவி எண் 14416.

கூட்டத்தில் பேசுவோம்: நேற்று பிள்ளைமேல் கை ஓங்கியபோது நம் மனசில் இருந்தது சலிப்பா, கோபமா, காயமா, ஓய்ச்சலா?