சுவரை நம்பாத மேஜை

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் கிடைத்தது. சவுதியின் ஜுபைலில், பலத் பகுதியில் இரண்டறை வாடகை வீடு, ஷிப்ட் வேலை, கட்டிலில் குப்புறப் படுத்து வீட்டுப்பாடம் எழுதும் மகள். அவளுக்குச் சுவரில் மடக்கும் மேஜை ஒன்றை, உளியே பிடித்திராத என்னால் செய்ய முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக முடியும். ஆனால் சுவரில் வேண்டாம்.

வளைகுடா வாடகை வீடுகளின் உள்சுவர் பெரும்பாலும் ஹாலோ பிளாக்தான். டிரில் சில சென்டிமீட்டர் இறங்கியதும் உள்ளே வெற்றிடம். சாதாரண பிளாஸ்டிக் பிளக் அதில் பிடித்து நிற்காது. ஜிப்சம் தடுப்பு என்றால் இன்னும் மோசம். மேஜை விளிம்பில் பிள்ளை முழங்கை ஊன்றும்போதெல்லாம் மேல் ஸ்க்ரூக்கள் சுவரிலிருந்து பிடுங்கப்படும். வீட்டுக்காரரிடம் ஓட்டைக்குப் பதில் சொல்வது வேறு.

தரையில் தானாக நிற்கும் மடக்கு மேஜை செய்யுங்கள். இங்கிலாந்தில் 17-ம் நூற்றாண்டிலேயே புழங்கிய வடிவம் இது. நடுவில் குறுகலான நிலைப்பலகை, இருபுறமும் தொங்கும் இறக்கைகள். கதவுபோல் சுழன்று வரும் கால்கள் இறக்கைகளைத் தாங்கும். நடுப்பலகை 20 செ.மீ., இறக்கை ஒவ்வொன்றும் 35 செ.மீ. விரித்தால் 90க்கு 60 செ.மீ. மேஜை, மடக்கினால் ஏறக்குறைய 24 செ.மீ. அகலம்தான், கட்டிலுக்கும் அலமாரிக்கும் இடையில் நின்றுகொள்ளும். உயரம் 75 செ.மீ. வையுங்கள், நீங்களும் அதில் உட்கார்ந்து எழுதலாம். மகளின் காலடியில் ஒரு மணை போட்டால் போதும்.

புதிதாகச் செய்பவர்கள் இடறும் இடம் ஒன்று உண்டு. மேலே பலகை 20 செ.மீ. என்பதால் கீழ்ச்சட்டத்தையும் 20 செ.மீ. ஆக்கிவிடுவார்கள். பிறகு மடக்கிய கதவுக்கால் ஒதுங்க இடமிராது, இறக்கை நேராகத் தொங்காமல் வெளியே தள்ளி நிற்கும். கால் 2.5 செ.மீ. தடிமன் என்றால் இரண்டு பக்கத்துக்கும் அந்த இடத்தையும் சற்றுக் கூடுதல் இடைவெளியையும் விட்டு, சட்டத்தை 13 செ.மீ. அகலத்தில் செய்யுங்கள். பலகை வாங்கும் முன் அட்டைப் பெட்டியை வெட்டி ஒரு மாதிரி செய்து மடக்கிப் பாருங்கள். கதவுக்காலின் அடி தரையைத் தொட வேண்டும். ஒரு நூல் தூக்கலாக நின்றாலும் இறக்கை தொய்ந்துவிடும்.

மரத்துக்கு வருகிறேன். கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது ஏசியை அணைத்துவிடுவீர்கள். கடற்கரை ஈரப்பதம் வீட்டுக்குள் ஏறும். திரும்பி வந்து ஏசி போட்டதும் காற்று காயும். தனி மரப்பலகை இந்த ஏற்ற இறக்கத்தில் ரேகைக்குக் குறுக்காக விரிந்து சுருங்கும், வளையும், கீலை இழுக்கும். பிளைவுட்டில் அடுக்குகள் மாறி மாறிக் குறுக்கே ஒட்டியிருப்பதால் அந்த அசைவு மிகக் குறைவு. 18 மி.மீ. பிளைவுட்டில் மேல்பலகைகள் மூன்றையும் கடையிலேயே வெட்டி வாங்குங்கள். மூடிய அறையில் மரம் அறுத்துப் பிள்ளையின் மூச்சில் தூளை ஏற்ற வேண்டாம். எம்டிஎஃப் மலிவுதான், ஆனால் ஈரம் பட்டால் ஓரம் ஊதும், ஓரத்தில் ஸ்க்ரூவும் பிடிக்காது.

கம்பெனி யார்டில் கிடக்கும் பேலட் மரத்தில் செய்யலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். 2002-ல் வந்த சர்வதேச விதிப்படி ஏற்றுமதிப் பேலட்டில் முத்திரை இருக்கும்: எச்டி (HT) என்றால் சூடேற்றிப் பூச்சி கொன்றது, எம்பி (MB) என்றால் மெத்தில் புரோமைடு என்ற நச்சு வாயு ஏற்றியது. எம்பி கண்டால் தொடாதீர்கள். எச்டி இருந்தாலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. 1975-ல் அரசின் ராயல் கமிஷன் அமைந்த பிறகு பெட்ரோகெமிக்கல் ஆலைகளால் வளர்ந்த ஊர் ஜுபைல். அந்தப் பலகைமேல் என்ன சிந்தியது என்று முத்திரை சொல்லாது. பிள்ளை கன்னம் சாய்க்கும் மேஜை. கேட் பாஸ் இல்லாமல் எடுத்து வருவதும் உங்கள் வேலைக்கு நல்லதல்ல.

கீலுக்குப் பலகையின் நீளத்துக்கே வரும் பியானோ கீல் வாங்கிக் கீழ்ப்பக்கம் பொருத்துங்கள். ஸ்க்ரூ 15 மி.மீ.க்கு மேல் வேண்டாம், மேலே முனை எட்டிப் பார்க்கும். ஊரிலிருந்து கொண்டுபோன டிரில் என்றால் பிளக் பாயிண்டின் வோல்டேஜைக் கவனியுங்கள். சவுதியின் பழைய கட்டடங்களில் 127 வோல்ட் உண்டு, அதில் 220 வோல்ட் டிரில்லுக்குத் திராணி இராது.

இவ்வளவும் மலைப்பாக இருந்தால் முதலில் ஒரு கணக்குப்பிள்ளை மேஜை செய்யுங்கள். நம் ஊர்ப் பழைய கடைகளில் தரையில் உட்கார்ந்து பேரேடு எழுதிய சாய்வுப் பெட்டிதான். நான்கு பக்கம், ஓர் அடிப்பலகை, கீல் வைத்த மூடி. புத்தகம் உள்ளே, எழுத்து மேலே; வேலை முடிந்தால் கட்டிலுக்கடியில். கீல் பொருத்தக் கை பழகிவிடும், மகளுக்கும் அதுவரை எழுத ஓர் இடம்.

வார்னிஷை இரண்டு பக்கமும் அடியுங்கள். மேல்பக்கம் மட்டும் அடித்தால் அடிப்பக்கம் ஈரம் குடித்துப் பலகை வளையும். சட்டத்தைப் பசை போட்டு ஒட்டாமல் போல்ட் போட்டு இறுக்குங்கள். வீடு மாறினாலும் ஃபைனல் எக்ஸிட்டில் ஒரேயடியாக ஊருக்குக் கிளம்பினாலும் கழற்றிக் கார்கோவில் போடலாம். மடக்கிய மேஜை குறுகலானது, பக்கவாட்டில் சாயும். அதைச் சுவரோரம் ஒட்டியே நிறுத்துங்கள்.

அட்டை மாதிரி செய்ததும் அதைப் படம் பிடித்து அனுப்புங்கள். கால் எங்கே இடிக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்