முதலில் பைட் கணக்கு, பிறகு படம்!



தென்காசிக்காரர்களுக்குக் குற்றால சீசன் வீட்டு விசேஷம் மாதிரி. ஆனால் 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென வந்த வெள்ளம் 17 வயதுச் சிறுவன் ஒருவனைக் கொண்டுபோய்விட்டது. நீர்மட்டம் ஏறினால் திரையில் எச்சரிக்கும் மாதிரிக் கருவி ஒன்றை நம் புராஜெக்டாகச் செய்தால் என்ன? சரி, திரையில் வரைய எந்த மென்பொருள்?

ஆர்டுயினோ ஊனோவின் ராம் 2,048 பைட்தான். 128 × 64 ஓலெட் திரையில் 8,192 புள்ளிகள். புள்ளிக்கு 1 பிட் என்றால் 1,024 பைட்.

அடாஃப்ரூட் லைப்ரரி: கற்பது எளிது. ஆனால் முழுப் படத்தையும் ராமில் வைக்கும். பாதி ராம் காலி! புதிய பதிப்புகளில் இந்த இடம் ஓடும்போதுதான் ஒதுக்கப்படுகிறது. அதனால் கம்பைல் கணக்கில் தெரியாது. இடம் கிடைக்காவிட்டால் திரை இருட்டுதான்.

யு8ஜி2: திரையை 8 கீற்றாகப் பிரித்து 128 பைட்டிலேயே வரையவல்லது. வேகம் கொஞ்சம் குறையும். நீர்மட்டம் காட்ட அது போதும்.

எல்.வி.ஜி.எல்.: பட்டன், மீட்டர் எல்லாம் தயாராக உண்டு. ஆனால் 320 × 240 கலர் படம் ஒன்றுக்கே 1,53,600 பைட். பகுதி பகுதியாக வரைந்தாலும் ஊனோ தாங்காது, இ.எஸ்.பி.32 வேணும்.

புரோகிராமுக்கே புதுசா? முதலில் 2007-இல் வெளியான ஸ்கிராட்ச்சில் லூப், இஃப் பழகுங்கள். அப்புறம் ஊனோவுக்கு வாங்க.

படம் அழகா இருக்கான்னு பிறகு பார்ப்போம். வெள்ளம் வரும் நேரத்தில் திரை இருண்டால், அந்தக் கருவி இருந்தும் இல்லாததுதானே?