இணையவழிக் கணக்கு: கூடிப் படித்தால் தேறலாமா?



பிளஸ் டூ முடிச்சதும் என்ன படிக்கலாம் என்று நம்ம வகுப்பில் அடிக்கடி பேச்சு வருகிறது. சென்னை ஐ.ஐ.டி. என்று யாராவது சொன்னால், "ஜே.இ.இ. எழுதணும், கோச்சிங் போகணும், நமக்கு எதுக்கு அது" என்று பேச்சு அதோடு முடிந்துவிடும். ஜே.இ.இ. இல்லாமலே அதே ஐ.ஐ.டி. நடத்தும் பட்டப்படிப்பு ஒன்று இருக்கிறது. டேட்டா சயின்ஸ் படிப்பு. 2020-இல் அறிவித்தார்கள். பாடமெல்லாம் வீடியோவாக வரும். குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் கட்டணத்தில் 75 சதவீதம் வரை சலுகையும் உண்டு.

என் பெரியம்மா மகள், எனக்கு அக்கா முறை, ராமநாதபுரத்தில் பி.எஸ்ஸி. படித்துக்கொண்டே இதிலும் சேர்ந்திருக்கிறார். அக்காவும் மூன்று தோழிகளும் சேர்ந்து கணக்குப் படித்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். சில நாள் நானும் நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இந்தப் படிப்பில் சேர முதலில் நான்கு வாரப் பாடம் படிக்க வேண்டும். ஆங்கிலம், கணிதம், புள்ளியியல், கணினிவழிச் சிந்தனை என்று நான்கு பாடங்கள். வாராவாரம் கணக்குப் போட்டு அனுப்பணும். அதில் போதிய மதிப்பெண் வந்தால்தான் தகுதித் தேர்வு எழுத விடுவார்கள். பாடம் இணையத்தில், ஆனால் தேர்வு இணையத்தில் இல்லை! மையத்துக்கு நேரில் போய் நான்கு மணி நேரம் உட்கார்ந்து எழுதணும். பதினொன்றாம் வகுப்பு முழுத்தேர்வு எழுதியவர்களே விண்ணப்பிக்கலாம் என்பது நமக்கு நல்ல செய்தி.

கணிதத்தில் முதல் நான்கு வாரம் என்ன வருகிறது தெரியுமா? கணங்கள், தொடர்புகள், சார்புகள், நேர்க்கோடு, இருபடிச் சார்பு, பல்லுறுப்புக் கோவை. எல்லாம் நாம் பதினொன்றாம் வகுப்பில் பார்த்தவைதான். அப்படியிருந்தும் சேர்கிறவர்களுக்குக் கணக்குதான் பயம். காரணம், கேள்வி நேராக வராது. ஒரு கதை மாதிரி வரும். கதைக்குள் கணக்கு எங்கே இருக்கிறது என்று நாம்தான் தேடணும். வீடியோவில் சார் சொல்லும்போது எல்லாம் புரிந்த மாதிரிதான் இருக்கும். நோட்டை எடுத்தால்தான் தெரியும் சேதி.

முதல் வாரமே தோழிகளில் ஒருத்தர், "நாலு பாடம், நாலு பேர். ஆளுக்கு ஒண்ணாப் பிரிச்சுக்குவோம், விடையை மாத்திக்கலாம்" என்றார். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "பரீட்சைக்கு யாருடி கூட வருவா?" என்று கேட்டார். அவ்வளவுதான், அந்தப் பேச்சு நின்றுபோனது. நம்ம கடற்கரையில் கரைவலை இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். வரிசையாகப் பலர் இழுக்கும்போது, ஒருத்தர் சும்மா கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தாலும் வலை கரைக்கு வந்துரும். கணக்குத் தேர்வில் அப்படி வராது.

இங்கே ஒரு கேள்வி எழலாம். ராமேஸ்வரத்தில் பிறந்த நம்ம கலாம் ஐயா வேலையைப் பிரித்துக்கொண்டுதானே செய்தார்? உண்மைதான். சென்னை எம்.ஐ.டி.யில் படிக்கும்போது, அவரும் நான்கு நண்பர்களும் சேர்ந்து ஒரு போர் விமானத்தை வடிவமைக்க வேண்டியிருந்தது. கலாம் ஐயாவுக்குக் காற்றியக்க வடிவம். மற்றவை மற்ற நால்வருக்கு. வேலை பிந்தியதால், மூன்று நாளில் முடிக்காவிட்டால் உதவித்தொகை நின்றுவிடும் என்று பேராசிரியர் சீனிவாசன் சொன்னதையும், இரவெல்லாம் கண்விழித்து வரைந்ததையும் அக்கினிச் சிறகுகள் நூலில் படிக்கலாம். ஆனால் அங்கே எல்லோரும் சேர்ந்து கொடுக்க வேண்டியது ஒரே விமானம். இங்கே நான்கு பேருக்கும் தனித்தனி விடைத்தாள். பிராஜெக்ட்டைப் பிரிக்கலாம், பாடத்தைப் பிரிக்க முடியாது என்பது என் கருத்து.

சரி, அக்கா குழு என்ன செய்தது? திங்கள் முதல் வியாழன் வரை அவரவர் வீட்டில் தனியாகத்தான் படிப்பு. காற்று அடித்தால் சிக்னல் போகும், கரண்ட்டும் போகும் (நம்ம ஊரில் சொல்லவா வேணும்!). அதனால் சிக்னல் இருக்கும்போதே வீடியோவை இறக்கி வைத்துக்கொள்வார்கள். வாரக் கணக்குகளில் இரண்டு வகை. ஒன்று வெறும் பயிற்சி, இன்னொன்று மதிப்பெண்ணுக்கு உரியது. மதிப்பெண் கணக்கை அவரவரே போட்டு அனுப்பிவிட வேண்டும், அதைப் பற்றிப் பேச்சே கிடையாது. பயிற்சிக் கணக்கை மட்டும் போட்டுப் பார்த்து, எந்த வரியில் சிக்கினோம் என்று நோட்டில் கோடு போட்டு வரணும். வெறும் நோட்டோடு வந்தால் அன்று டீ போடும் வேலை அவருக்கு.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டுத் திண்ணையில் கூடுவார்கள். ஒரு பழைய கரும்பலகை. சாக்பீஸ் யார் கையில் தெரியுமா? கணக்குத் தெரியாதவர் கையில்! தெரிந்தவர் வாயால்தான் சொல்லலாம், எழுதக் கூடாது. தெரிந்தவர் எழுத ஆரம்பித்தால் மற்றவர்கள் காப்பியடிக்க ஆரம்பித்துவிடுவார்கள் என்பது அக்காவின் கணக்கு.

ஒரு வெள்ளிக்கிழமை பார்த்த கணக்கை நம்ம ஊருக்கு மாற்றித் தருகிறேன். ஒரு கருவாட்டுக் கடையில் பாக்கெட் 40 ரூபாய்க்கு விற்றால் நாளைக்கு 60 பாக்கெட் போகும். ஒவ்வொரு ரூபாய் கூட்டும்போதும் ஒரு பாக்கெட் குறையும். எந்த விலை வைத்தால் அதிகப் பணம் வரும்?

x ரூபாய் கூட்டினால், வரவு (40 + x)(60 − x). பெருக்கினால் 2400 + 20x − x².

முதல் தோழி சூத்திரம் போட்டு x = 10 என்று கண்டுபிடித்தார். "விடை 10" என்று எழுதிக் கீழே கோடும் போட்டுவிட்டார். இரண்டாமவருக்குச் சூத்திரம் மறந்துபோச்சு. அவர் அட்டவணை போட்டார். 5 கூட்டினால் 45 × 55 = 2475. 10 கூட்டினால் 50 × 50 = 2500. 15 கூட்டினால் மறுபடியும் 2475. "அப்போ விலை 50 தானே? பத்து ரூபாய்க்கா கருவாடு விக்கிற?" என்று அவர் கேட்டதும்தான் முதல் தோழிக்கு உறைத்தது. கேட்டது விலை, அவர் எழுதியது கூட்டிய தொகை. தனியாகப் படித்திருந்தால் அந்தப் பத்தோடு நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

மூன்றாமவர் பரவளையம் வரைந்தார். x = −40 ஆனாலும் x = 60 ஆனாலும் வரவு சுழி. உச்சி இரண்டுக்கும் நடுவில், அதாவது 10-இல். அக்கா சொன்னதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. விலையையும் பாக்கெட் எண்ணிக்கையையும் கூட்டினால் எப்போதும் 100. கூட்டுத்தொகை மாறாத இரண்டு எண்களின் பெருக்கம், இரண்டும் சமமாகும்போதுதான் பெரிது. 50, 50. முடிந்தது! நான்கு பேர், நான்கு வழி, ஒரே விடை. இப்போது இருபடிச் சார்பு என்றாலே எனக்குப் படம்தான் முதலில் கண்ணில் வருகிறது.

அமெரிக்காவிலும் இதை ஒருவர் ஆராய்ந்திருக்கிறார். பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1970களில் யூரி டிரைஸ்மன் என்பவர், பள்ளியில் நன்றாகப் படித்த கறுப்பின மாணவர்கள் கல்லூரி நுண்கணிதத்தில் ஏன் தோற்கிறார்கள் என்று பார்த்தார். சோம்பலா? இல்லை. அவர் கவனித்த 20 பேரில் 18 பேர் எப்போதும் தனியாகவே படித்தார்கள். அதே வகுப்பின் சீன வம்சாவளி மாணவர்கள் முதலில் தனியாகப் போட்டுவிட்டு, பிறகு ஒன்றாகக் கூடி ஒருவர் நோட்டை ஒருவர் திருத்தினார்கள், பழைய வினாத்தாள்களைப் போட்டுப் பார்த்தார்கள். டிரைஸ்மன் பிறகு கடினமான கணக்குகளைக் கொடுத்துக் கூடிப் போடும் வகுப்புகள் ஆரம்பித்தார். தேர்ச்சி நன்றாக உயர்ந்தது. பாம்பன் திண்ணையிலும் பெர்க்லியிலும் வரிசை ஒன்றுதான்: முதலில் தனி, பிறகு கூட்டம்.

கூட்டத்துக்கும் அளவு வேண்டும். ஆறு பேர் வந்த ஒரு நாள் சினிமாப் பேச்சில் போய்விட்டது. மூன்று, நான்கு பேர் போதும். கலையும் முன் கடைசி அரை மணி நேரம் யாரும் பேசாமல் புதுக் கணக்கு ஒன்றை அவரவர் போடணும். தேர்வு அறை மாதிரி.

இப்போது உங்களுக்கு ஒரு கணக்கு. அதே கருவாட்டுக் கடை. ஆனால் விலையில் 2 ரூபாய் கூட்டினால்தான் ஒரு பாக்கெட் குறையும். எந்த விலையில் வரவு அதிகம்? அக்காவின் 50, 50 வழி இதில் அப்படியே ஓடாது, கொஞ்சம் மாற்றணும். முதலில் தனியாகப் போடுங்கள், பிறகு பக்கத்து பெஞ்சோடு ஒப்பிடுங்கள். விடையைச் சரிபார்க்க விரும்புவோர் மதிய இடைவேளையில் எங்கள் வகுப்புக்கு வரலாம். நோட்டோடு வரவும்!

– பன்னிரண்டாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி