புனித யோசேவாஸ் திருநாளும் நமது வீடும்



தைப்பொங்கல் கழிந்த மறுநாளிலோ அதற்கடுத்த நாளிலோ, ஜனவரி மாதம் 16ஆந் திகதி, இலங்கையின் அப்போஸ்தலர் எனப் போற்றப்படும் புனித யோசேவாஸ் அடிகளாரின் திருநாள் வருகின்றது. கோவிலிலே கொடியேறும், நவநாட் செபங்கள் நடக்கும், பாட்டுப் பூசையும் உண்டு. பிள்ளைகளும் புத்தாடை அணிந்து போய் வருவார்கள். ஆனால் வீடு திரும்பிய பின் அவர்களிடம், "இன்றைக்கு யாருடைய திருநாள்? அவர் நமக்காக என்ன செய்தார்?" என்று கேட்டுப் பாருங்கள். பல வீடுகளில் மௌனமே பதிலாக இருக்கும். குற்றம் பிள்ளைகளுடையதன்று. சொல்லிக் கொடுக்காததை அவர்கள் எப்படி அறிவார்கள்?

இந்தப் புனிதருடைய திருநாளை வீட்டிலே கொண்டாடுவதற்கு மற்றெந்தப் புனிதருக்கும் இல்லாத ஒரு தனிக் காரணம் உண்டு. அதை முதலிலே பார்ப்போம்.

வீடே கோவிலாக இருந்த காலம்

1658ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணம் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் கைக்கு மாறியது. கத்தோலிக்கக் குருக்கள் நாட்டைவிட்டு அகற்றப்பட்டார்கள். கோவில்கள் பறிக்கப்பட்டன. குருவானவர் ஒருவருக்கு வீட்டில் இடங்கொடுப்போருக்கு மரண தண்டனை என்று கட்டளை பிறந்தது. மாந்தையிலிருந்த தேவதாயின் திருச்சுரூபத்தை நம் முன்னோர் மடுக் காட்டுக்குள் கொண்டு சென்றதும் அந்தத் துன்ப காலத்திலேதான்.

யோசேவாஸ் அடிகளார் யாழ்ப்பாணத்தை அடைந்தது 1687ஆம் ஆண்டிலே. இடையிலே கடந்தவை ஏறக்குறைய 30 ஆண்டுகள். பூசையில்லை, பாவசங்கீர்த்தனமில்லை, உபதேசம் படிப்பிக்கக் குருவில்லை. ஒல்லாந்தர் வந்த வருடத்திலே பிறந்த குழந்தைக்கு, அடிகளார் வந்தபோது 29 வயது. அதற்குள் கலியாணம் முடித்துப் பிள்ளைகளும் பெற்றிருப்பார்கள். அவர்கள் பீடத்தையே கண்டதில்லை.

அடிகளார் என்ன செய்தார்? பிச்சைக்காரர் கோலத்திலே, கழுத்திலே செபமாலையை அணிந்துகொண்டு வீடு வீடாகச் சென்றார். அந்த மாலையைக் கண்டு யாருடைய முகம் மாறுகின்றது என்று பார்த்தார். அதை அறிந்துகொண்டவர்கள் இருந்தார்கள். அவர்கள் மூலமாகத்தான் அவர் சில்லாலை விசுவாசிகளிடம் போய்ச் சேர்ந்தார்.

பெற்றோரே, இங்கே சற்று நின்று சிந்தியுங்கள். பூசை காணாத ஒரு தலைமுறைக்கு அந்தச் செபமாலையை அறிமுகப்படுத்தியது யார்? கோவிலன்று, பாடசாலையுமன்று. கதவைச் சாத்திக்கொண்டு, விளக்கைத் தணித்துவைத்து, பிள்ளையின் விரலைப் பிடித்து மணிகளை எண்ணக் கற்பித்த தாய்மாரும் பேத்திமாருமே. அவர்கள் அந்த வேலையைச் செய்திராவிட்டால், அடிகளார் அத்தனை வீடுகளில் ஏறி இறங்கியும் அவரை அறிந்துகொள்ள ஒருவரும் இருந்திருக்கமாட்டார்கள்.

இது பழங்கதை மாத்திரமன்று. 2019ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆந் திகதி உயிர்ப்பு ஞாயிறன்று நடந்த குண்டுத் தாக்குதல்களின் பின், சில வாரங்கள் ஞாயிறு பூசைகள் நிறுத்தப்பட்டிருந்தன. 2020ஆம் ஆண்டிலே கொரோனா நோய் மறுபடியும் கோவிற் கதவுகளை அடைத்தது. அந்த ஞாயிறுகளிலே சில வீடுகளில் செபம் தொடர்ந்தது. சில வீடுகளில் கோவிலோடு செபமும் நின்றுபோயிற்று. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964ஆம் ஆண்டு வெளியிட்ட திருச்சபை பற்றிய கோட்பாட்டு ஏட்டின் 11ஆம் பிரிவிலே குடும்பத்தை இல்லத் திருச்சபை என்று அழைத்தது. அந்தப் பெயருக்கு நம்முடைய வீடு பொருந்துமா என்பதுதான் கேள்வி.

மூன்று மாலைகள், மூன்று கதைகள்

திருநாளுக்கு முந்திய மூன்று மாலைகளிலும், குடும்பச் செபம் முடிந்ததும், பத்து நிமிடம் ஒதுக்குங்கள். ஒரு மாலைக்கு ஒரு கதை போதும். புத்தகத்தை வாசிக்காமல் உங்கள் வாயாலேயே சொல்லுங்கள்.

முதலாம் மாலை: கோவாவிலே 1651ஆம் ஆண்டு பிறந்தவர், 1676இலே குருவானவர், இலங்கையிலே குருவின்றி மக்கள் தவிக்கின்றார்கள் என்று கேள்விப்பட்டு, யோவான் என்னும் பணியாளோடு புறப்பட்ட கதை. தூத்துக்குடியிலிருந்து கடல் கடந்து, மன்னார் வழியாக யாழ்ப்பாணம் வந்தார். வந்ததும் வயிற்றோட்டத்தினால் சாகுந் தறுவாயில் கிடந்தார். இரக்கமுள்ள ஒரு பெண் கொண்டுவந்து கொடுத்த கஞ்சியே அவர் உயிரைக் காத்தது. அந்தப் பெண்ணின் பெயர் சரித்திரத்தில் இல்லை. ஆனால் அவர் ஊற்றிய கஞ்சியில்லாமல் இந்தச் சரித்திரமே இல்லை என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

இரண்டாம் மாலை: 1689ஆம் ஆண்டு நத்தார் இரவு யாழ்ப்பாணத்திலே ஒல்லாந்தர் விசுவாசிகளைச் சுற்றிவளைத்துச் சிறைப்பிடித்ததும், அடிகளார் அவர்கள் கைக்கு அகப்படாமல் தப்பியதும். பின்னர் புத்தளம் வழியாக 1692இலே கண்டிக்குப் போனபோது, போர்த்துக்கேய ஒற்றன் என்று சந்தேகிக்கப்பட்டுச் சிறையிடப்பட்டார். சிறையிலும் சும்மாயிராமல் சிங்களம் கற்றார். கடும் வரட்சியின்போது அவர் செபிக்க மழை பொழிந்தது என்பது நம் முன்னோர் வழிவழியாகச் சொல்லிவந்த செய்தி. அவருக்கு விடுதலையும் ஆதரவும் தந்த இரண்டாம் விமலதர்மசூரிய மன்னர் ஒரு பௌத்தர். இதைத் தவறாமல் சொல்லுங்கள்.

மூன்றாம் மாலை: 1697ஆம் ஆண்டு கண்டியிலே பெரியம்மை பரவியது. உறவினரே நோயாளரைக் கைவிட்டு ஓடினார்கள். அடிகளாரும் அவருடைய மருமகனாரான யோசே கர்வாலோ அடிகளாரும் ஓடவில்லை. நோயாளர்களுக்கு இடம் ஏற்படுத்தி, உணவூட்டி, புண்களைக் கழுவி, இறந்தோரைத் தாங்களே அடக்கஞ் செய்தார்கள். இன்ன மதத்தவர், இன்ன சாதியார் என்று கேட்கவில்லை.

பெரிய பிள்ளைகளுக்கு இன்னொரு வேலை கொடுக்கலாம். இலங்கைப் படமொன்றைக் கீறச் சொல்லி, மன்னார், யாழ்ப்பாணம், சில்லாலை, புத்தளம், கண்டி, நீர்கொழும்பு, கொழும்பு ஆகிய இடங்களைக் குறித்து, அடிகளார் கால்நடையாய்த் திரிந்த நாட்டை அவர்கள் கண்ணாலே காணச் செய்யுங்கள்.

திருநாளன்று

விடிந்ததும் வீட்டைக் கூட்டி, செபமேசையில் வெள்ளைத் துணி விரித்து, குருசு, வேதாகமம், செபமாலை ஆகியவற்றை வைத்து விளக்கேற்றுங்கள். பொங்கலுக்கு வாங்கிய பூவில் கொஞ்சம் மிஞ்சியிருந்தால் போதும். அடிகளாரின் படம் இல்லையென்று கவலைப்பட வேண்டாம். மூத்த பிள்ளை கீறிய படமே அங்கே இருக்கட்டும். கூடுமானால் எல்லாரும் பூசைக்குப் போங்கள். வீட்டுக் கொண்டாட்டம் பூசைக்குப் பதிலன்று. பூசையின் பலனை வீட்டுக்குக் கொண்டுவரும் வழியே அது.

மதியமோ இரவோ ஒருவேளை உணவாகக் கஞ்சி காய்ச்சுங்கள். பச்சையரிசியும் பயறும் போட்டு, தேங்காய்ப்பால் விட்டு, எல்லாரும் ஒரே பானையிலிருந்து ஊற்றிக் குடியுங்கள். பிள்ளைகளுக்குத் திருநாள் என்றால் இனிப்பும் வேண்டும். பிறகு ஆளுக்கொரு பயற்றம் பணியாரம் கொடுங்கள். அன்றைக்கு மீதப்பட்ட சமையற் செலவை ஒரு தகரப் பேணியிலே பிள்ளைகளின் கையாலேயே போடுவித்து, அயலிலே படுக்கையில் கிடக்கும் ஒருவருக்கோ, தனித்திருக்கும் ஒரு முதியவருக்கோ கொண்டுபோய்க் கொடுங்கள். பிள்ளைகளை அனுப்பிவிட்டு நீங்கள் வீட்டிலிருக்க வேண்டாம், கூடப் போங்கள். அந்த வீடு நம் மதத்தவருடையதாக இருக்கவேண்டும் என்ற நியதியுமில்லை.

சிறு பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டு. ஒரு பிள்ளை செபமாலையைக் கழுத்திலிட்டு, தடியூன்றி, அறை அறையாகச் சென்று கதவைத் தட்டட்டும். உள்ளேயிருப்பவர்கள் கதவைத் திறந்து, மாலையைக் கண்டதும், "சுவாமி, உள்ளே வாருங்கோ" என்று வரவேற்கட்டும். எல்லா அறைகளும் முடிந்ததும், அனைவரும் சேர்ந்து ஒரு பத்துமணி செபமாலை சொல்லுங்கள். சிரித்து விளையாடிய பிள்ளை தானாகவே கைகூப்பும்.

மாலைச் செபத்திலே லூக்கா நற்செய்தி 10ஆம் அதிகாரம் 1 முதல் 9 வரையுள்ள வசனங்களை வாசியுங்கள். அடிகளார் இந்த வசனங்களைத் தம் கால்களாலே வாழ்ந்து காட்டினார் என்று ஒரு வாக்கியத்தில் விளக்குங்கள். வெளிநாட்டிலிருக்கும் தந்தையோ தமையனோ தொலைபேசியிலே அந்தச் செபத்தில் சேர்ந்துகொள்ளலாம். அம்மம்மாவோ அப்பம்மாவோ இருந்தால், இடம்பெயர்ந்த நாட்களிலே தாங்கள் எங்கே, எப்படிச் செபித்தோம் என்று சொல்லட்டும். அதுவும் இந்தச் சரித்திரத்தின் ஓர் அதிகாரமே.

பிள்ளைகள் கேட்கும் கேள்விகள்

"வேடம் போட்டது பொய்யில்லையா?" பிறரை ஏமாற்றித் தனக்கு ஆதாயம் தேடுவது பொய். அடிகளார் தேடியது ஆதாயமன்று. தம்மை மறைத்ததனாலே, தமக்கு இடந்தந்தவர்களின் உயிரைக் காத்தார். அத்துடன் அது வெறும் வேடமுமன்று. வெறுங்காலோடும் எளிய உடையோடும் உண்மையாகவே அவர் ஏழையாக வாழ்ந்தார்.

"ஒல்லாந்தருடைய சபையார் கெட்டவர்களா?" இக்கேள்விக்கு விடை சொல்லும்போது மிகுந்த கவனம் வேண்டும். அரசாங்கங்கள் மதத்தைக் கருவியாக்கிய காலம் அது. அந்தப் பிழை எல்லாப் பக்கத்திலும் நடந்தது. இன்று நம் பிள்ளையோடு ஒரே வாங்கில் இருந்து படிக்கும் சீர்திருத்தத் திருச்சபைப் பிள்ளை நமக்குச் சகோதரன். திருநாள் பகையை வளர்க்கக் கூடாது. தம்மைத் துன்புறுத்தியவர்களை அடிகளார் பகைக்கவில்லை.

"அவருடைய கல்லறை எங்கே?" 1711ஆம் ஆண்டு ஜனவரி 16ஆந் திகதி கண்டியிலே இறந்தார். அங்கேயே அடக்கஞ் செய்யப்பட்டார். அந்தக் கல்லறை இன்றுவரை கண்டுபிடிக்கப்படவில்லை. 1995இலே பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் அவரை அருளாளராகவும், 2015இலே பாப்பரசர் பிரான்சிஸ் புனிதராகவும், கொழும்பு காலிமுகத்திடலிலே பிரகடனஞ் செய்தபோது, காட்டுவதற்கு ஒரு கல்லறை இருக்கவில்லை. காட்டுவதற்கு இருந்தது அந்தத் திடலிலே கூடிய மக்கள்தான். அவர் காத்த விசுவாசமே அவருடைய கல்லறைக் கல்.

தவிர்க்கவேண்டியவை

கடன்பட்டுக் கொண்டாட வேண்டாம். அயல் வீட்டாரோடு போட்டி போட வேண்டாம். "இன்னது கேள், புனிதர் தருவார்" என்று வியாபாரம்போலப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டாம். தருபவர் இறைவனே. புனிதர் நமக்காக வேண்டுபவர், நமக்கு முன்னே நடந்தவர். செபத்தை நீட்டிச் சிறுவரைத் தூங்க வைக்கவும் வேண்டாம். எல்லாவற்றிலும் மேலாக, "அம்மாவோடு செபியுங்கோ" என்று சொல்லிவிட்டுத் தந்தை எழுந்து போக வேண்டாம். தந்தை முழந்தாளிடுவதைக் கண்ட பிள்ளைக்கு வேறு பிரசங்கம் வேண்டியதில்லை.

ஒரே வருடத்தில் இவை யாவும் செய்ய முடியாது. இம்முறை ஒரு கதையும் ஒரு கிண்ணம் கஞ்சியும் போதும். அடுத்த வருடம் பிள்ளைகளே, "அம்மா, கஞ்சித் திருநாள் எப்ப?" என்று கேட்பார்கள். அதன் பிறகு அந்த வீட்டிலே திருநாளை நிறுத்த உங்களாலும் முடியாது.

குடும்பமாகச் சிந்திக்க

1. கோவிற் கதவு ஒரு வருடம் அடைபட்டால், நம் வீட்டிலே என்னென்ன செபங்கள் தொடரும்?

2. குருவில்லாத இடங்களிலே மூப்பர்மாரும் அண்ணாவிமாரும் மக்களைச் செபத்தில் நடத்த அடிகளார் ஏற்பாடு செய்தார். நம் வீட்டிலே அந்தப் பொறுப்பு யாருடையது?

3. நாம் கஞ்சி கொடுக்கவேண்டிய நோயாளி நம் ஒழுங்கையிலே யார்?

செபம்

அன்பான ஆண்டவரே, குருவும் பூசையும் இல்லாதிருந்த எங்கள் முன்னோரிடம் உமது ஊழியன் யோசேவாசை அனுப்பினீர். அவர் கதவைத் தட்டியபோது திறக்கத் தெரிந்த வீடுகளை நீரே ஆயத்தம் செய்தீர். எங்கள் வீட்டையும் அப்படிப்பட்ட வீடாக்கும். எங்கள் பிள்ளைகளின் கையிலே நாங்கள் வைக்கும் செபமாலை, எங்கள் காலத்தின் பின்னும் அவர்கள் கையிலே இருப்பதாக. ஆமென்.