பன்னிரண்டுக்கும் பதினாலுக்கும் நடுவே

(வேத பாடம்: 1 கொரிந்தியர் 11 முதல் 14 வரை)



1 கொரிந்தியர் 13-ம் அதிகாரத்தை நாம் அதிகமாகக் கேட்பது கல்யாண ஆராதனையில்தான். போதகர் வாசிப்பார், மாப்பிள்ளையும் பெண்ணும் தலை குனிந்து நிற்பார்கள், வீடியோக்காரர் லைட் அடிப்பார். ஆனால் பவுல் அதைக் கல்யாணத்துக்கென்று எழுதவில்லை. ஆவியின் வரங்கள் பெற்ற ஒரு சபையின் சண்டைக்காக எழுதினார். உங்கள் வேதத்தைத் திறந்து பாருங்கள். 12-ம் அதிகாரத்தில் ஆவியின் வரங்கள். 14-ல் அந்நியபாஷையும் தீர்க்கதரிசனமும். நடுவிலே அன்பு.

கொரிந்து சபையில் எந்த வரத்துக்கும் குறைவில்லை (1:7). அதே சபையில் சகோதரன் சகோதரன் மேல் கேஸ் போட்டு கோர்ட்டுக்குப் போனான் (6:6). கர்த்தருடைய பந்திக்குக் கூடி வந்தால், வசதியுள்ளவர்கள் கொண்டு வந்ததைத் தாங்களே முந்திக்கொண்டு சாப்பிட்டார்கள். ஒருவருக்கு வயிறு காய்ந்தது, இன்னொருவருக்குப் போதையே ஏறிவிட்டது (11:21). இல்லாதவர்கள் வெட்கப்பட்டுப் போனார்கள். இதற்கு அப்போஸ்தலன் கொடுத்த மருந்து என்ன தெரியுமா? ஒருவருக்கொருவர் காத்திருங்கள் என்பதுதான் (11:33). அதாவது, மற்றவன் வந்து உட்காரும்வரை சாப்பாட்டில் கை வைக்காதே. தேவ அன்பு பந்தியில் ஆரம்பிக்கிறது! நம்முடைய ஐக்கிய விருந்துகளில் முதல் பந்தியில் யார் யார் உட்காருகிறார்கள், கடைசிப் பந்தியில் குழம்பு தீர்ந்தபின் யார் சாப்பிடுகிறார்கள் என்று அடுத்த முறை கவனித்துப் பாருங்கள்.

13-ம் அதிகாரம் 4 முதல் 7 வரை உள்ள வசனங்களில் ஒரு விசேஷம் உண்டு. தமிழில் வாசிக்கும்போது சாந்தம், தயவு என்று குணங்களைப்போல் தெரிகிறது. கிரேக்க மூலத்தில் அங்கே அன்பைக் குறித்துச் சொல்லப்பட்ட 15 காரியங்களும் வினைச்சொற்கள். அன்பு எப்படிப்பட்டது என்பதைவிட, அது என்ன செய்கிறது, என்ன செய்யாது என்றே பவுல் சொல்லுகிறார். நம்மில் சிலர், “எனக்கு எல்லார்மேலயும் அன்பு இருக்கு பாஸ்டர், வெளியே காட்டத் தெரியாது” என்கிறார்கள். இந்தப் பகுதியில் அதற்கு இடமில்லை.

அதிலும் 5-ம் வசனத்தின் கடைசியில், தீங்கைக் குறித்து வருகிற சொல் கணக்குப் பார்ப்பதற்குப் பயன்படும் சொல். மளிகைக் கடைக்காரர் பற்று நோட்டில் தேதி போட்டு எழுதி வைக்கிறாரே, அப்படி. பிறர் செய்த தீமையை அன்பு நோட்டில் ஏற்றாது. நம் வீடுகளிலோ அந்த நோட்டு ரொம்பப் பெரிசு. “என் பிள்ளை பிரதிஷ்டைக்கு அவ வரல. நான் எதுக்கு அவ வீட்டு ஜெபத்துக்குப் போகணும்?” என்று ஏழு வருஷத்துக் கணக்கை ஒரு எழுத்துப் பிசகாமல் சொல்லுவோம். ஞாயிற்றுக்கிழமை வேத வசனம் ஒப்பிக்கச் சொன்னால் மட்டும் ஞாபகம் வராது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். குடித்துவிட்டு வந்து அடிக்கிற புருஷனைப்பற்றி ஒரு சகோதரி கண்ணீரோடு சொன்னால், “அன்புன்னா பொறுத்துக்கணும்மா, ஜெபம் பண்ணு” என்று திருப்பி அனுப்புவது இந்த அதிகாரத்தின் உபதேசம் அல்ல. அன்பு அநியாயத்தில் சந்தோஷப்படுவதில்லை, சத்தியத்தோடுதான் நிற்கும் என்று 6-ம் வசனம் இருக்கிறது. அந்தச் சகோதரிக்கு அன்றைக்கு ராத்திரி தங்க ஒரு பாதுகாப்பான இடம் வேண்டும், அந்த மனுஷனைக் கூப்பிட்டுக் கண்டிக்கச் சபையில் தைரியமுள்ள மூப்பர்கள் வேண்டும். போலீசுக்குப் போகவேண்டியிருந்தால் கூடப்போக ஆள் வேண்டும். அதுவும் தேவ அன்புதான்.

நம்முடைய பெந்தெகொஸ்தே சரித்திரத்தையே பாருங்கள். 1906-ல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் பட்டணத்தில் அசுசா தெருவில் எழுப்புதல் உண்டாயிற்று. அதை நடத்திய வில்லியம் சீமோர், அடிமைகளாயிருந்து விடுதலையான பெற்றோருக்குப் பிறந்த கறுப்பின ஊழியர். அதற்குச் சற்று முன்பு ஹூஸ்டனில் வேதபாடம் படிக்கப்போனபோது, வெள்ளையரோடு உட்கார அனுமதியில்லாமல் வகுப்புக்கு வெளியே உட்கார்ந்து கேட்டவர். அவர் நடத்திய கூட்டத்தில் கறுப்பர், வெள்ளையர், மெக்சிகோ நாட்டார் என்று எல்லாரும் ஒரே இடத்தில் முழங்கால்படியிட்டார்கள். ஆனால் சில வருஷங்களுக்குள் நிற வேற்றுமை திரும்ப வந்து, சபைகள் பிரிந்தன. 1994-ல் மெம்பிஸ் பட்டணத்தில் இரு தரத்து தலைவர்களும் கூடினபோது, ஒரு வெள்ளைக்கார ஊழியர் கறுப்பின ஊழியரின் கால்களைக் கழுவி மன்னிப்புக் கேட்டார். அசுசாவிலிருந்து எண்ணினால் 88 வருஷம்! அந்நியபாஷை நிற்கவில்லை, அற்புதங்களும் நிற்கவில்லை, அன்பு மட்டும் இத்தனை காலம் வாசலுக்கு வெளியே உட்கார்ந்திருந்தது.

அவர்களைச் சொல்லி நாம் தப்ப முடியாது. ஆராதனையில் கை தூக்கும்போது ஜாதி தெரிவதில்லை. கல்யாணப் பேச்சு எடுத்தால் தெரிகிறது. “இரட்சிக்கப்பட்ட, அபிஷேகம் பெற்ற” என்று வரன் விளம்பரம் எழுதுகிறோம், அதே வரியில் ஜாதியையும் எழுதுகிறோம். வேலைக்கு வரும் அம்மாவுக்குத் தனி டம்ளர் வைத்திருக்கிற விசுவாசி வீடுகள் இன்னும் உண்டு. அந்த டம்ளரை வைத்துக்கொண்டு எழுப்புதலுக்கு உபவாசம் இருக்கிறோம்.

“இது நம்மால ஆகிற காரியமா?” என்பீர்களானால், ரோமர் 5:5-ஐ வாசியுங்கள். தேவ அன்பை நம் இருதயத்தில் ஊற்றுகிறவர் பரிசுத்த ஆவியானவரே. பாஷையைக் கொடுக்கிறவரும் அவரே. ஒன்றை வாங்கிக்கொண்டு மற்றதை வேண்டாம் என்கிறோம்.

பிலேமோன் நிருபத்தையும் இதோடு சேர்த்துப் படியுங்கள், ஒரே அதிகாரம்தான். எஜமானைவிட்டுப் போன அடிமை ஒநேசிமுவைத் திருப்பி அனுப்புகிறார் பவுல். அவன் எதாகிலும் நஷ்டம் பண்ணியிருந்தால் அதை என் பேரில் எழுது என்கிறார் (18). மூலத்தில் இங்கேயும் கணக்குக்கான சொல்தான் வருகிறது. அடுத்த வசனத்தில், அந்தக் கடனைத் தானே செலுத்துவதாகத் தன் கையாலேயே எழுதிக் கொடுக்கிறார். அதை எழுதும்போது அவர் சிறையில் இருந்தார்.