சிறுபான்மை மொழிப் பேணலில் துணைத்தலைப்பின் மொழி: ஐரிஷ், வேல்சு, தோடர் மொழிகளை முன்வைத்து

முன்னுரை

திரைப்படம், தொலைக்காட்சி, இணையக் காணொளி ஆகியவற்றில் பேச்சுக்கு இணையாகத் திரையின் அடியில் தோன்றும் எழுத்துவரி துணைத்தலைப்பு எனப்படும். சிறுபான்மை மொழிகளையும் தொல்குடி மொழிகளையும் பேணுவதற்குரிய எளிய கருவியாக இது போற்றப்படுகிறது. ஆயின், அவ்வரி எம்மொழியில் அமைகிறது என்பதைப் பொறுத்தே அதன் பயன் வேறுபடுகிறது. அவ்வேறுபாட்டை இக்கட்டுரை ஆராய்கிறது.

பெருமொழியில் அமையும் வரி

சிறுபான்மை மொழிப் பேச்சுக்குப் பெருமொழியில் வரி இடுவது முதல் வகை. மொழியை வெளியுலகிற்கு அறிமுகப்படுத்துவது இதன் பயன். கனடாவின் சகரியாஸ் குனுக் இயக்கிய ‘அதனார்ஜுவாட்’, இனுக்டிடுட் மொழியில் முழுமையாக எடுக்கப்பட்ட முதல் கதைப்படமாகும். 2001ஆம் ஆண்டு கான் திரைப்பட விழாவில் சிறந்த அறிமுகப் படத்திற்கான தங்கக் கேமரா விருதை அது பெற்றது. அம்மொழி அறியாத உலகப் பார்வையாளரிடம் அப்படத்தைக் கொண்டுசேர்த்தது துணைத்தலைப்பே.

பேசுவோர் அனைவரும் பெருமொழியையும் அறிந்த சூழலில் இவ்வகை வரி வேறு விளைவைத் தருகிறது. அயர்லாந்தின் 1937ஆம் ஆண்டு அரசியலமைப்பு ஐரிஷை முதல் ஆட்சிமொழியாக ஏற்றபோதிலும், பெரும்பான்மையோரின் அன்றாட மொழி ஆங்கிலமே. 1996 அக்டோபர் 31 அன்று தொடங்கப்பெற்று, இன்று டி.ஜி.4 என வழங்கும் ஐரிஷ் தொலைக்காட்சி, முன்பதிவு செய்த நிகழ்ச்சிகள் பலவற்றில் ஆங்கில வரியைப் படத்தோடு பதித்தே ஒளிபரப்பி வந்துள்ளது. பார்வையாளர் அதனை நீக்க இயலாது. பேச்சைப் புரிந்துகொள்வோரும் திரையில் தோன்றும் வரியைத் தம்மையறியாமல் படிக்கின்றனர் என்பதை பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக உளவியலாளர்கள் கண்ணசைவை அளந்து காட்டியுள்ளனர். எனவே, ஐரிஷ் கற்பவரின் செவி கேட்பதற்கு முன் கண் ஆங்கிலத்தைப் படித்துவிடுகிறது. மொழி பின்னணி ஓசையாகச் சுருங்கிவிடும் இடர் எழுகிறது.

வேல்சு மொழித் தொலைக்காட்சியான எஸ்4சி, ஆங்கில வரியை வேண்டுவோர் மட்டும் வரவழைத்துக்கொள்ளும் முறையைப் பின்பற்றியது. 2016 மார்ச்சில் சில நாள்கள் சில நிகழ்ச்சிகளில் அவ்வரி தானாகவே தோன்றுமாறு செய்தபோது வேல்சு பேசுவோரிடமிருந்து எதிர்ப்பு எழுந்தது. வரி வேண்டுமா என்னும் தெரிவு தம்மிடமே இருக்கவேண்டும் என்பதே அவ்வெதிர்ப்பின் சாரம் எனலாம்.

தன்மொழியில் அமையும் வரி

பேச்சு எம்மொழியோ அம்மொழியிலேயே வரி இடுவது இரண்டாம் வகை. இந்தியாவில் பிரிஜ் கோத்தாரி முன்னெடுத்த இம்முறை, குஜராத்தித் திரைப்பாடல்களில் 1990களின் இறுதியில் நடைமுறைப்படுத்தப்பட்டது. எழுத்தறிவு குறைந்தோரின் வாசிப்புத் திறன் இதனால் மேம்படுவதை அம்முயற்சி சார்ந்த ஆய்வுகள் காட்டின. வீட்டில் பேசப்பட்டும் பள்ளியில் எழுதப்படாதிருக்கும் சிறுபான்மை மொழிகளுக்கு இம்முறை மிகவும் பொருந்துவதாகும். பேசத் தெரிந்தவரை அது படிப்பவராகவும் ஆக்குகிறது.

எனினும், இங்கு எழுத்துமுறைச் சிக்கல் எழுகிறது. ஐரிஷில் மன்ஸ்டர், கோனாக்ட், அல்ஸ்டர் என மூன்று பெரும் வட்டார வழக்குகள் உள்ளன. 1958இல் வெளியான அரசுத் தர வடிவத்தில் வரி இட்டால், காதில் விழும் வழக்கும் கண்ணில் படும் எழுத்தும் முரண்படும் இடங்கள் உண்டு.

தோடர் மொழி எழுப்பும் வினா

தனக்கென எழுத்தில்லாத மொழியில் இச்சிக்கல் மேலும் ஆழமாகிறது. நீலகிரியின் தோடர் மொழியில் மூன்று ஒலிப்பிடங்களில் ஆடொலிகள் பிறக்கின்றன. ஒவ்வொன்றும் அண்ணச் சாயல் பெற்றும் பெறாதும் ஒலிப்பதால் அவை ஆறாகின்றன. தமிழ் எழுத்தில் இவற்றுக்கு ரகர, றகரங்களே உள்ளன. தமிழ் எழுத்தை அவ்வாறே கையாண்டால் பொருள் வேறுபடுத்தும் ஒலிகள் மறைந்துபோகும். கூடுதல் குறிகளைச் சேர்த்தால் விரைந்து மறையும் வரியைப் படிப்பது கடினமாகும். தமிழில் மட்டும் வரி இட்டாலோ, தமிழும் அறிந்த தோடர் இளையோருக்கு ஐரிஷ் கற்பவரின் நிலையே நேரும்.

முடிவுரை

பெருமொழி வரி ஒரு மொழிக்குப் பார்வையாளரைத் தேடித் தருகிறது. தன்மொழி வரி வாசகரை உருவாக்குகிறது. முன்னது வேண்டுவோர்க்குரிய தெரிவாகவும் பின்னது முதன்மையாகவும் அமைதல் தகும். தோடர் போன்ற மொழிகளில் காணொளிப் பணிக்கு முன்னரே எழுத்துமுறை முடிவு செய்யப்படவேண்டும். அம்முடிவில் மொழியியலார் துணைநிற்கலாம். இறுதிச் சொல் அம்மொழி பேசுவோருடையதாக இருத்தல் வேண்டும்.