நாயின் காதுச் சிற்றுண்ணி: கண்டறிதலும் முழுமையான மருத்துவமும்

நாய் ஓயாமல் தலையை உதறுவது, பின்னங்காலால் காதடியைச் சொறிந்துகொண்டே இருப்பது, காதினுள் காப்பித்தூள் போன்ற கரும்பழுப்பு அழுக்கு சேர்வது ஆகியவை காதுச் சிற்றுண்ணியின் முதன்மையான அறிகுறிகள். எனினும் இவற்றைக் கண்டவுடனே நோய் இன்னதென்று முடிவு கட்டிவிடுவது சரியன்று. பூனைகளின் காது அழற்சிக்கு இச்சிற்றுண்ணியே பெரும்பான்மையான காரணமாக இருக்க, வளர்ந்த நாய்களில் அதன் பங்கு மிகக் குறைவு. ஒவ்வாமை, மலசீசியா என்ற ஈஸ்ட் பூஞ்சை, பாக்டீரியா ஆகியவையும் இதே அரிப்பையும் இதே கறுப்பு அழுக்கையும் உண்டாக்கக்கூடியவை. பூஞ்சைக்குச் சிற்றுண்ணி மருந்தைவிட்டு, குணமாகவில்லையே என்று மருந்தை மாற்றி மாற்றி வாங்கும் வீடுகள் பல. அதற்குள் காதுக்குழாயின் தோல் தடித்துக் குழாயே குறுகிவிடுவதும் உண்டு.

ஒட்டோடெக்டஸ் சைனோடிஸ் என்ற அறிவியல் பெயருடைய இவ்வுயிரி, நாட்டுப்புறத்தில் நாயின் தோலில் கடித்துத் தொங்கும் உண்ணியின் தூரத்து உறவே ஆயினும், அரை மில்லிமீட்டருக்கும் குறைவான வெண்ணிறப் புள்ளியாகவே கண்ணுக்குத் தெரியும். தோலைத் துளைத்து உள்ளே செல்லாமல் காதுக்குழாயின் மேற்பரப்பிலேயே வாழ்ந்து, குரும்பியையும் உதிர்ந்த தோல் துணுக்குகளையும் தின்கிறது. முட்டை பொரிந்து, இளம்பருவங்களைக் கடந்து, முழு வளர்ச்சி அடைய ஏறத்தாழ மூன்று வாரங்கள் ஆகும். வளர்ந்த உயிரி இரண்டு மாதங்கள் வரை உயிரோடு இருக்கும். மருத்துவம் எத்தனை நாள் நீடிக்க வேண்டும் என்பதை இந்தக் கணக்குதான் முடிவு செய்கிறது.

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் பணியாற்றிய ராபர்ட் லோபஸ் என்ற கால்நடை மருத்துவர், பூனையின் காதிலிருந்து எடுத்த சிற்றுண்ணிகளைத் தம் காதிலேயே இட்டுக்கொண்டு, அவை ஊர்ந்து சுரண்டும் ஓசையையும், அரிப்பும் வலியும் வளர்ந்த விதத்தையும், இரவில் அவற்றின் நடமாட்டம் மிகுந்து தூக்கம் கெட்டதையும் குறித்து வைத்து 1993இல் வெளியிட்டார். பகலில் ஓரளவு அமைதியாக இருக்கும் நாய் இரவில் எழுந்து நடமாடி முனகுவதைப் பிடிவாதம் என்று அதட்டுவோர், அந்த மருத்துவர் தாமே அனுபவித்து எழுதியதை ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும்.

உறுதி செய்யும் முறை எளிது. காதிலிருந்து எடுத்த அழுக்கைப் பஞ்சுக்குச்சியால் கண்ணாடித் தகட்டில் தேய்த்து, ஒரு துளி திரவ பாரஃபின் சேர்த்து, குறைந்த உருப்பெருக்கத்தில் நுண்ணோக்கியில் பார்த்தால், எட்டுக்கால்களோடு நகரும் சிற்றுண்ணியும் அதன் நீள்வட்ட முட்டைகளும் தெளிவாகத் தெரியும். வீட்டிலேயே கறுப்புத் தாளில் அழுக்கைத் தட்டி, உருப்பெருக்கிக் கண்ணாடியால் வெண்புள்ளிகள் நகர்கின்றனவா என்று பார்க்கலாம். ஆனால் எதுவும் தெரியவில்லை என்பதால் நோய் இல்லை என்றாகாது. செவிப்பறை கிழியாமல் இருக்கிறதா என்று ஒளிகாட்டும் கருவியால் மருத்துவர் பார்ப்பதும் இதே வேளையில்தான். இதைத் தவிர்க்கவே கூடாது, ஏனெனில் ஜென்டமைசின் போன்ற சில சொட்டு மருந்துகள் கிழிந்த செவிப்பறை வழியே உட்காதுக்குள் சென்று கேட்கும் திறனையே கெடுத்துவிடக்கூடும்.

மருந்துக்கு முன் துப்புரவு. நாயின் காதுக்குழாய் மேலிருந்து கீழிறங்கி, பிறகு 'ட' எழுத்தைப்போல உள்ளே வளைந்து செல்வதால், பஞ்சுக்குச்சியை உள்ளே விடும்போது அழுக்கு வெளியே வராமல் வளைவுக்குள் தள்ளப்படுகிறது. அதற்கு மாறாக, காதுக்கென்று விற்கும் கழுவு திரவத்தைக் குழாய் நிறைய ஊற்றி, காதின் அடிப்பகுதியை வெளியிலிருந்து அரை நிமிடம் பிசைந்தால், உள்ளே திரவம் 'சளக் சளக்' என்று ஒலிப்பது கேட்கும். பிறகு பிடியை விட்டால் நாய் தானே தலையை உதறிக் கரைந்த அழுக்கை வெளியே தள்ளும், விரலில் சுற்றிய பஞ்சால் மடலின் உட்புறத்தை மட்டும் துடைத்தால் போதும். தேங்காய் எண்ணெய் விடும் வழக்கம் தமிழ் வீடுகளில் பரவலாக உண்டு. அது அழுக்கை இளக்கும், சில சிற்றுண்ணிகளை மூச்சடைக்கச் செய்யவும் கூடும், ஆனால் முட்டைகளை அழிக்கும் என்று நம்புவதற்கில்லை. ஹைட்ரஜன் பெராக்சைடும் வினிகரும் புண்ணான தோலை மேலும் எரிப்பவை. அவற்றை அறவே விலக்க வேண்டும்.

இன்று பெரும்பாலும் பயன்படுபவை, தோளிடைத் தோலில் சொட்டும் செலமெக்டின், மாக்ஸிடெக்டின் போன்ற மருந்துகளும், அஃபாக்சோலேனர், ஃப்ளுராலேனர் போன்ற மெல்லும் மாத்திரைகளும் ஆகும். இவை உடல் முழுதும் பரவிச் செயல்படுவது ஒரு தனிநன்மை. சுருண்டு படுக்கும் நாயின் வால், கழுத்து, இடுப்பு ஆகிய இடங்களில் ஒதுங்கிய சிற்றுண்ணிகளுக்குக் காதுச் சொட்டு எட்டாது. மெல்லும் மாத்திரை வகையில் வலிப்பு வரலாம் என்று அமெரிக்க உணவு மருந்துத் துறை 2018இல் எச்சரித்ததால், முன்பு வலிப்பு வந்த நாய் என்றால் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மாட்டுக்கு வாங்கிய ஐவர்மெக்டின் ஊசி மருந்தை அளவு தெரியாமல் நாய்க்குச் செலுத்துவது மிக ஆபத்தானது: கோலி போன்ற சில மேய்ப்பு இனங்களில் காணப்படும் மரபணு மாற்றத்தால், மருந்து மூளைக்குள் புகுந்து நடுக்கம், பார்வையிழப்பு, மயக்க நிலை வரை கொண்டு செல்லும்.

மருத்துவம் தோற்பதற்குப் பெருங்காரணம் மருந்தின் குறை என்பதைவிட, பாதியில் நிறுத்துவதே. நல்ல மருந்து தொடங்கிய சில நாட்களில் சொறிதல் குறைந்துவிடும்; அதைக் கண்டு துப்புரவையும் அடுத்த தவணையையும் விட்டுவிட்டால், தப்பிய முட்டைகள் பொரிந்து மூன்று வாரத்தில் மீண்டும் கூட்டம் பெருகும். அதேபோல் வீட்டிலுள்ள எல்லா நாய், பூனைகளுக்கும், அறிகுறி இல்லாவிடினும், ஒரே நேரத்தில் மருந்து தர வேண்டும். மாடிப்படியில் வந்துபோகும் தெருப்பூனையோடு நெருங்கிப் பழகும் நாய்க்கும், தாயிடமிருந்து சிற்றுண்ணி தொற்றிய குட்டிகளுக்கும் இது மிகவும் பொருந்தும். பெர்மெத்ரின் கலந்த நாய் மருந்து பூனைக்கு உயிர்க்கொல்லி என்பதால், ஒரு மருந்தையே இருவகை விலங்குக்கும் பங்கிடுதல் கூடாது. படுக்கைத் துணிகளை வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்துவது போதுமானது, ஏனெனில் விலங்கின் உடலை விட்ட சிற்றுண்ணி நெடுநாள் பிழைப்பதில்லை.

சொறிவதிலும் உதறுவதிலும் மடலின் நுண்ணிய இரத்தக்குழாய் வெடித்து, தோலுக்கும் குருத்தெலும்புக்கும் இடையே இரத்தம் தேங்கி மடல் மெத்தென்று வீங்கினால், அது தானே வற்றும் என்று காத்திராமல் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். விட்டுவிட்டால் குணமான பிறகும் மடல் சுருங்கி உருமாறிவிடும். மருந்து முடிந்து ஏறத்தாழ நான்கு வாரத்தில் அழுக்கை மறுபடி நுண்ணோக்கியில் பார்த்து, சிற்றுண்ணியும் முட்டையும் இல்லாதபோதும் அரிப்பு தொடர்ந்தால், பூஞ்சை, பாக்டீரியா, உணவு ஒவ்வாமை என்ற வரிசையில் வேறு காரணத்தைத் தேடத் தொடங்குவதே முறை.